இடது பக்கம் டோன் இருக்கு

கேபிள் ஆட்கள் அவளுக்கு வைத்த பெயர் டோனக்கா. சாலையோரக் குழிக்குள் முக்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, நூறு ஜோடித் தொலைபேசிக் கம்பிகளுக்கு நடுவே ஒரு குச்சிக் கருவியை விட்டுத் துழாவி, தேடிய ஜோடி கிடைத்ததும், "டோன் இருக்கு!" என்று ஒரு சத்தம் போடுவாள். குழிக்கு மேலே போட்ட கூடாரத்தைத் தாண்டித் தெருமுனை வரைக்கும் அது கேட்கும்.

கேபிளின் அடுத்த கோடியில் ஒருவர் உட்கார்ந்து, சின்னப் பெட்டியிலிருந்து ஏதாவது ஒரு ஜோடிக்குள் டோன் என்கிற கீச்சுச் சத்தத்தை அனுப்புவார். இந்தக் கோடியில் அவளுடைய கருவி எந்தக் கம்பியருகே போகும்போது கீச்சிடுகிறதோ, அதுதான் ஜோடி. பெட்டிக்காரர் வருஷக்கணக்காக ஒரே ஆள். எந்த நேரமும் கேபிளின் மறுமுனையிலேயே இருந்ததால் அவருக்கு மறுமுனை என்றே பெயர் விழுந்துவிட்டது. ஒன்றாக வேலை பார்த்த இருவரும் நேருக்கு நேர் பார்த்துக்கொண்டது குறைவு, போனில் சண்டை போட்டுக்கொண்டதுதான் அதிகம்.

அந்தத் தொழிலில் பெரிய அவமானம் கிராஸ். ஒரு ஜோடியைப் பக்கத்து ஜோடியோடு மாற்றிக் கட்டிவிட்டால், பல் டாக்டருக்கு வரவேண்டிய அழைப்பு பாட்டு வாத்தியார் வீட்டில் மணியடிக்கும். பல்வலிக்காரன் ஸ்வரம் கேட்டுத் திட்டுவான். அடுத்தவர்கள் போட்ட கிராஸைக் கண்டுபிடிப்பதில் டோனக்காவுக்கு ஒரு அற்பச் சந்தோஷம் உண்டு. "இது யாரு கைவண்ணம்?" என்று குழிக்குள்ளிருந்து அவள் கேட்டால், மேலே நிற்கிறவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள்.

நாற்பத்தாறு வயதில் அவளுக்கு இடது மார்பில் கட்டி வந்தது. தோலையும் காம்பையும் விட்டுவிட்டு, உள்ளே இருந்ததையெல்லாம் எடுத்து, அங்கே ஒரு சிலிக்கான் பையை வைத்துத் தைத்தார்கள். மருந்து ஏற்றி முடித்தார்கள். உதிர்ந்த முடி திரும்ப வளர்ந்தது. அவள் கணவர் சலூன் வைத்திருந்தார். வளர்ந்த முடியில் முதல் கத்திரி தன்னுடையதாகத்தான் இருக்க வேண்டும் என்று காத்திருந்து, வாடிக்கையாளர் நாற்காலியில் அவளை உட்கார வைத்துத் துண்டு போர்த்தி வெட்டிவிட்டார். கண்ணாடியில் பார்த்தால் இரண்டு பக்கமும் ஒன்றுபோலவே இருந்தன. பார்க்க வந்தவர்கள் எல்லாரும் "தெரியவே இல்லையே!" என்றார்கள்.

உண்மைதான். அவளுக்கே தெரியவில்லை.

குளிக்கும்போது கைக்கு மார்பு தெரிந்தது, மார்புக்குக் கை தெரியவில்லை. பேருந்தில் யாருடைய முழங்கையாவது இடித்தால், இடித்தவர் மன்னிப்புக் கேட்ட பிறகுதான் இடித்த விஷயமே தெரியவரும். சலூன்காரர் அந்தப் பக்கத்தைச் சுற்றிப் போக ஆரம்பித்தார், பள்ளம் தோண்டிப் போட்ட தெருவைச் சுற்றிக்கொண்டு போவதைப்போல. அவர் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. தொட்டும் அவள் முகத்தில் ஒன்றும் மாறாததைப் பார்க்க அவருக்கு மனசில்லை. அவளுக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. அங்கே தொட்டால், அங்கே தொட்டது தெரிய வேண்டும்.

அதை வாய்விட்டுச் சொல்லும்படி செய்தது ஒரு தீக்காயம். கம்பிகளை ஒட்டிய இடத்தை மூட ஒரு தடித்த உறையை மாட்டி கேஸ் டார்ச்சின் தீயால் சூடு காட்டுவார்கள், அது சுருங்கிக் கேபிளைக் கவ்விக்கொள்ளும். குழி குறுகல். உறையின் பின்பக்கம் சரியாகச் சுருங்கியிருக்கிறதா என்று எட்டிப் பார்க்க அவள் அதன்மேல் சாய்ந்தாள். அன்றைக்கென்று மறுமுனை தன் வேலையை முடித்துப் பெட்டியோடு கூடாரத்துக்கு வந்திருந்தார். மூக்கை உறிஞ்சினார்.

"ஏதோ துணி கருகுது."

"எதுன்னு பாருங்களேன், சும்மா பேசிக்கிட்டு நிக்காம."

"பாத்துட்டேன். நீங்கதான்."

காயம் பெரிதில்லை, ஆறிவிட்டது. ஆனால் இன்ஜினியர் அவளை டார்ச் பக்கமே போகக்கூடாது என்று சொல்லி, புகார்ப் பிரிவில் நாற்காலி போட்டுக் கொடுத்தார். குளிர்பதன அறை, மெத்தை நாற்காலி, காதில் ஹெட்போன். யாரைக் கேட்டாலும் யோகம் என்பார்கள். அவளுக்கு அது சிறை.

காயத்துக்குக் கட்டு மாற்றிய ஒட்டுறுப்பு அறுவை டாக்டர்தான் முதலில் அந்தப் பேச்சை எடுத்தார். சின்ன உருவமும் வேகமான பேச்சுமாக ஒரு பெண்மணி.

"அங்க போற நரம்பையெல்லாம் அன்னைக்கே வெட்டியாச்சும்மா. வெட்டாம கட்டிய எடுத்திருக்க முடியாது. ஆனா திரும்ப ஒட்டுப்போட்டுப் பாக்கலாம்."

ஒட்டு என்ற வார்த்தையைக் கேட்டதும் டோனக்கா நிமிர்ந்து உட்கார்ந்தாள். "என்ன ஒட்டு?"

"விலா எலும்புக்கு நடுவுல, பக்கவாட்டுல நல்ல நரம்பு ஒண்ணு இருக்கு. உங்க கெண்டைக்கால்லேர்ந்து ஒரு துண்டு நரம்பு எடுத்து அதோட முனையில சேர்த்து, மார்புத் தோலுக்கு அடியில கொண்டு போய் விட்டுடுவோம். அந்தத் துண்டு வெறும் குழாய் மாதிரிதான். அதுக்குள்ள புது இழை மெதுவா வளர்ந்து போகும்."

"பழைய குழாய்ல புதுக் கேபிள் இழுக்கிற மாதிரி."

"இழுக்க வேண்டாம். தானே வளரும்."

"தானே வளர்ற கேபிளா! எங்க ஆபீசுக்கு ஒரு சுருள் அனுப்பி வைங்க டாக்டர்." பிறகு தொழில்காரியின் முகத்தோடு கேட்டாள். "எத்தனை ஜோடி?"

"ஜோடியெல்லாம் கிடையாது. ஒண்ணு."

"ஊருக்கே ஒரு லைனா?"

டாக்டர் சிரித்துவிட்டு, சிரிப்பை நிறுத்திச் சொன்னார். "பழையபடி முழுசா வரும்னு நான் சொல்ல மாட்டேன். சிலருக்கு நல்லா வருது. சிலருக்குத் தொட்டா தெரியிற அளவுக்கு வருது. சிலருக்கு வரவே இல்ல. கால்ல வெளிப்பக்கம் ஒரு பட்டை மரத்துப்போகும், அதுவும் நிச்சயம். யோசிச்சு முடிவெடுங்க."

"ஒண்ணே ஒண்ணு கேக்கட்டுமா? நரம்பு என்ன கலர்?"

"வெள்ளை."

"எல்லாமேவா?"

"எல்லாமேதான்."

அன்று வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அவளுக்கு அதே கவலை. நீலம், ஆரஞ்சு, பச்சை என்று ஒவ்வொரு கம்பிக்கும் கலர் வைத்தே மனுஷன் கிராஸ் போடுகிறான். எல்லாம் வெள்ளையாக இருந்தால் அந்தம்மா என்னத்தைக் கண்டு கட்டுவார்?

வீட்டில் எதிர்ப்பு நாத்தனாரிடமிருந்து வந்தது. சலூன்காரரின் அக்கா. பள்ளிக்கூடத்திலிருந்து ஓய்வு பெற்றுவிட்டார், ஆனால் டீச்சர் வேலையிலிருந்து ஓய்வு பெறவில்லை.

"உயிர் தப்பிச்சதே பெரிய விஷயம். அதுக்கு மேல இன்னொரு கத்தியா? யாருக்குக் காட்ட?"

"காட்ட இல்ல அண்ணி. எனக்குத் தெரியணும்."

"தெரிஞ்சு என்ன பண்ணப்போற?"

சலூன்காரர் டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார். "அக்கா, உன் மூக்கை எடுத்துட்டு அச்சு அசலா ஒரு பிளாஸ்டிக் மூக்கு வெச்சா நீ ஒத்துக்குவியா?"

"பேச்சுக்கு நடுவுல என் மூக்கு ஏண்டா வருது?"

"எல்லார் வீட்டு விஷயத்துலயும் அதுதானே முதல்ல வருது!"

நாத்தனார் டம்ளரைத் தூக்கினார். எறியவில்லை. அறுவை சிகிச்சை நாளில் பிளாஸ்கும் போர்வையுமாக எல்லாருக்கும் முன்னால் ஆஸ்பத்திரியில் போய் உட்கார்ந்திருந்ததும் அவர்தான். நர்ஸுகள் வரிசையாக நிற்காததைக் கண்டித்தாராம்.

டாக்டர் நுண்ணோக்கியில் குனிந்து, கண்ணுக்குத் தெரியாத நூலில் தைத்து முடித்தார். அதன்பின் காத்திருப்பதைத் தவிர வேலையில்லை. இழை ஒரு நாளைக்கு ஒரு மில்லிமீட்டர் வளர்ந்தாலே அதிகம் என்று டாக்டர் சொன்னதும் சலூன்காரருக்குச் சந்தோஷம். "முடியைவிட வேகம்டி! என் கஸ்டமர் தலையெல்லாம் இதுல பாதி வேகத்துலகூட வளர மாட்டேங்குது."

காலையில் அவர் கடைக்குக் கிளம்பும்போது கேட்பார், "டோன் வருதா?"

"டெட்."

இப்படியே மாசங்கள் போயின. ஒரு கட்டத்தில் அவர் கேட்பதை நிறுத்தினார். நிறுத்தியது அவளுக்குத் தெரிந்தது. கெண்டைக்காலுக்குக் கீழே, வெளிப்பக்கம், டாக்டர் சொன்னபடி ஒரு பட்டை மரத்துப்போயிருந்தது. ஒரு மரத்துப்போன இடத்துக்குப் பதிலாக இரண்டை வாங்கிக்கொண்டோமோ என்று செருப்பு மாட்டும்போதெல்லாம் தோன்றும்.

ஒரு மதியம் புகார்ப் பிரிவில், போனில் கரகரப்பு வருகிறது என்று ஒருவர் விஸ்தாரமாகப் புலம்பிக்கொண்டிருந்தார். அவளுக்கு இடது அக்குளுக்குக் கீழே அரித்தது. ஹெட்போனைச் சரிசெய்கிற சாக்கில் லேசாகச் சொறிந்தாள். அடங்கவில்லை. பேனாவால் சொறிந்தாள். கூடத்தான் செய்தது.

"நான் சொல்றது கேக்குதா?" என்றார் போனில் இருந்தவர்.

"நல்லா கேக்குதுங்க. ஆள் வருவாங்க," என்று சொல்லிவிட்டுக் கழிப்பறைக்கு ஓடினாள். கதவைச் சாத்திக்கொண்டு விலாவை நகத்தால் பறண்டினாள். ஒரு பிரயோஜனமும் இல்லை. எரிச்சலில் உள்ளாடைப் பட்டையை இழுத்துவிட்டபோது, விரல் முட்டி மார்பின் முன்பக்கம் உரசியது. அரிப்பு நின்றது.

அப்படியே நின்றாள். அந்த இடத்தை மறுபடி முட்டியால் தேய்த்தாள். அக்குளுக்குக் கீழே யாரோ தேய்ப்பதுபோல இருந்தது. வலது கைதான் முன்னால் இருக்கிறது, இடது கை கதவில் இருக்கிறது, அக்குள் பக்கம் ஒரு பூச்சிகூட இல்லை. இன்னொரு தடவை.

"டோன் இருக்கு!"

வெளியே கை கழுவிக்கொண்டிருந்த பெண் பயந்துபோய்க் கதவைத் தட்டினாள். "அக்கா? உள்ள என்னக்கா இருக்கு?"

"ஒண்ணுமில்ல. எல்லாம் இருக்கு. நீ போ." கண்ணில் தண்ணீர் கொட்டியது, சிரிப்பும் அடங்கவில்லை. முகத்தைக் கழுவி, துடைத்து, நாற்காலிக்குத் திரும்பி நடக்கையில்தான் பாதி வழியில் அவளுக்கு அந்த இரண்டாவது எண்ணம் வந்தது. முன்னால் தொட்டால் பக்கவாட்டில் ஏன் தெரிகிறது?

"போட்டுட்டாங்கய்யா," என்று முணுமுணுத்தாள். "கிராஸ் போட்டுட்டாங்க."

அன்று மாலை அவள் கண்ணாடி முன்னால் நின்று, பேனாவின் மழுங்கிய முனையால் ஒவ்வொரு இடமாகத் தொட்டுப் பார்த்தாள். மேல்பக்கம் தொட்டால் விலாவின் பின்புறம். நடுவில் தொட்டால் அக்குளுக்கு ஒரு சாண் கீழே. உள்பக்கம் இன்னும் டெட். சலூன்காரர் கட்டிலில் உட்கார்ந்து வாய் கொள்ளாமல் சிரித்துக்கொண்டிருந்தார்.

"வந்துருச்சுல்ல! அது போதாதா?"

"வந்தது சரிங்க. மணி பக்கத்து வீட்டுல இல்ல அடிக்குது!"

டாக்டரிடம் பேசவேண்டியதை வழியிலேயே ஒத்திகை பார்த்துக்கொண்டு போனாள். தொழில்காரரைத் தொழில்காரர் குத்திப் பேசக்கூடாது.

"டாக்டர், கோவிச்சுக்காதீங்க. உங்க தப்பு இல்ல, எல்லாம் வெள்ளையா இருந்தா யாருக்குமே இது நடக்கும். ஒட்டு கிராஸ் ஆயிருக்கு. திறந்து மாத்திக் கட்டிடுங்க."

டாக்டர் முழுக்கதையையும் கேட்டார். பாதியிலேயே அவர் முகம் மலர்ந்துவிட்டது. கண்ணை மூடச் சொல்லி, பஞ்சால் தொட்டார், மழுங்கிய ஊசியால் தொட்டார், பக்கத்து அறையிலிருந்த இரண்டு பேரைக் கூப்பிட்டு வந்து அவர்களுக்கும் காட்டினார். டோனக்காவுக்கு எரிச்சல். கிராஸ் போட்டுவிட்டுக் கூட்டம் கூட்டிக் காட்டுகிற ஆளை அவள் பார்த்ததில்லை.

"அம்மா, மாத்திக் கட்டணும்னா ரெண்டு நரம்பு வேணும். அங்க இருந்ததே ஒண்ணு. ஒண்ணை எதோட மாத்துறது?"

அது டோனக்காவுக்குத் தோன்றவே இல்லை.

"அந்த நரம்பு நீங்க பிறந்ததுலேர்ந்து விலாப்பக்கத்துக்கு வேலை பாத்துச்சு," என்றார் டாக்டர். "இப்ப அதை மார்புக்கு மாத்தியிருக்கோம். மூளைக்குத் தகவல் போகல. அந்த நரம்புல எது வந்தாலும் விலாவுலேர்ந்துதான் வருதுன்னு அது பழைய விலாசத்தையே படிச்சுக்கிட்டு உக்காந்திருக்கு."

டோனக்கா விரலால் மேசைமேல் ஒரு கோடு இழுத்துப் பார்த்தாள். பிறகு மெதுவாக, "அப்ப ரோட்டைத் தோண்ட வேண்டாம்," என்றாள்.

"எந்த ரோடு?"

"நடு ரோட்டுக்கு அடியில இருக்கிற ஒட்டுல கிராஸ்னு வெச்சுக்கங்க. எந்த மடையனும் அதுக்காக ரோட்டை உடைக்க மாட்டான். டெலிபோன் எக்ஸ்சேஞ்சுக்குப் போய், அங்க எந்த வீட்டு நம்பர் எந்தக் கம்பியில வருதோ, அதை மாத்திச் சொருகிட்டு வந்துருவோம். கேபிள் அது பாட்டுக்குக் கிடக்கும்."

டாக்டர் மேசையில் தட்டினார். "இதை நான் எல்லா பேஷண்டுக்கும் சொல்லப்போறேன். சரி, எக்ஸ்சேஞ்சு உங்க மண்டைக்குள்ள இருக்கு. அங்க என்னால வர முடியாது. நீங்கதான் மாத்தணும்."

மாற்றும் முறை ரொம்பச் சாதாரணமாக இருந்தது. கண்ணாடியில் பார்த்தபடி தொட வேண்டும், தொடும் இடத்தை வாயால் சொல்ல வேண்டும். பிறகு கண்ணை மூடிக்கொண்டு அதையே செய்ய வேண்டும். பஞ்சு, துணி, தூரிகை என்று மாற்றி மாற்றி, தினமும். வேறொருவர் தொட்டால் இன்னும் நல்லது.

வேறொருவர் சலூனிலிருந்து ஒரு புது பிரஷ் கொண்டுவந்தார். முடி வெட்டியதும் கழுத்தைத் தட்டிவிடுகிற அகலமான பிரஷ், பூனை வால் மாதிரி மெத்தென்று இருக்கும். முதல் நாள் அவர் கை நடுங்கியது.

"என்னங்க இது? கத்தியைத் தொண்டையில வெக்கும்போதுகூட நடுங்காத கை!"

"அது கஸ்டமர் தொண்டை."

"நானும் கஸ்டமர்தான். தள்ளுபடி கேக்குற கஸ்டமர். ம், தொடுங்க."

கடை விடுமுறை நாளில் பகலிலேயே பாடம் நடக்கும். ஒருமுறை நாத்தனார் வந்து கதவை இடித்தார். "பட்டப்பகல்ல தாழ்ப்பாள் போட்டுக்கிட்டு என்னடா பண்றீங்க?"

"பாடம் படிக்கிறோம்கா!"

"டீச்சர் நான் இங்க நிக்கிறேன், உள்ள என்ன பாடம்?"

உள்ளிருந்து வந்த சிரிப்பைக் கேட்டு, கொண்டுவந்த பாத்திரத்தை வாசலில் வைத்துவிட்டுப் போய்விட்டார். அன்றிலிருந்து அந்த நாட்களில் வருவதற்கு முன் போன் பண்ணினார். "பாடம் முடிஞ்சுதா?" என்று கேட்கும்போது குரலில் டீச்சர்த்தனம் குறைந்திருந்தது.

சூடு முதலில் தெரிய ஆரம்பித்தது. டாக்டர் வெந்நீர் நிரப்பிய சோதனைக் குழாயையும் குளிர்ந்த நீர் நிரப்பியதையும் மாற்றி மாற்றி வைத்துப் பார்த்துவிட்டு, டார்ச் பிடிக்கலாம் என்றார். இன்ஜினியரும் விட்டார். அவள் குழிக்குள் இறங்கிய முதல் நாள், கம்பியில் மறுமுனையின் குரல் வந்தது.

"அக்கா, லைன் எப்படி?"

"சூடு தெரியுது, குளிர் தெரியுது. விலாசம்தான் இன்னும் பக்கத்து வீடு."

"பரவால்ல, பக்கத்து வீட்டுக்காரங்க கூப்பிட்டுச் சொல்லிடுவாங்க. ஆரஞ்சு ஜோடியைப் பிடிங்க."

குழியில் அவளுக்குக் குறையொன்றும் இல்லை. ஆனால் பிரஷ்ஷை வைத்துக்கொண்டு கண்ணை மூடினால் இன்னும் தோற்றுக்கொண்டேதான் இருந்தாள். கண் திறந்திருக்கும்போது எல்லாம் சரியாக இருக்கும். மூடியதும் அந்தத் தொடுகை நழுவி விலாவுக்கு ஓடிப்போகும். சில வாரங்கள் அக்குள். பிறகு பக்கவாட்டு. பிறகு இங்கே என்றும் அங்கே என்றும் சொல்ல முடியாமல், வழி கேட்டுக்கொண்டு நிற்கிற ஆள் மாதிரி நடுவில் எங்கேயோ. "விடு, நாளைக்குப் பாப்போம்," என்பார் சலூன்காரர். "இன்னும் ஒரு தடவை," என்பாள் அவள். கிராஸைத் தேடிக் குழிக்குள் இறங்கினால் கண்டுபிடிக்காமல் ஏறி வராத ஆள்.

அன்றைக்கும் விடுமுறை நாள்தான். ஜன்னல் வழியாக வெயில் கட்டில்மேல் விழுந்திருந்தது. அவர் கடையைக் கழுவிவிட்டு வந்திருந்தார். அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"எங்க?"

"பக்கவாட்டு... இல்ல, இருங்க." பிரஷ் மறுபடி வந்தது. "நடுவுல. காம்புக்குக் கொஞ்சம் மேல."

பிரஷ் அங்கேயே நின்றது.

"தப்பா?"

"பேசாம இரு." அவர் குரல் ஒரு மாதிரி இருந்தது. "இப்ப?"

"கீழ. கீழ போய், உள்பக்கம் திரும்புது. லேசாத்தான் தெரியுது, ஆனா அங்கதான்."

"இப்ப?"

அவள் காத்திருந்தாள். தெருவில் ஒரு சைக்கிள் மணி கேட்டது. முன்பெல்லாம் ஒன்றும் தெரியாதபோது, எல்லாமே ஒரு சுவருக்கு அந்தப் பக்கம் இருப்பதுபோல இருக்கும். இப்போது வீடு திறந்திருந்தது, உள்ளே ஆள் இல்லை, அவ்வளவுதான்.

"இப்ப தொடல. பிரஷ்ஷைத் தூக்கிட்டீங்க."

கண்ணைத் திறந்தாள். அவர் பிரஷ்ஷை ஒரு அடி உயரத்தில் பிடித்துக்கொண்டு, இன்னொரு கையின் பின்புறத்தால் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"ஏமாத்தப் பாத்தீங்களா?"

"பரிட்சைன்னா கஷ்டமான கேள்வியும் இருக்கணும்ல."

அவள் பிரஷ்ஷைப் பிடுங்கிக் கட்டிலுக்கு அந்தப் பக்கம் போட்டாள். அவர் உள்ளங்கையை எடுத்துத் தானே வைத்துக்கொண்டாள், சுற்றி எங்கும் போகாமல் நேராக, இடது பக்கத்தில். கண்ணை மூட மறந்துவிட்டாள். மூடத் தேவையும் இருக்கவில்லை.

"எப்படி இருக்கு?" என்றார் அவர், ஏதோ உடையும் பொருளைக் கையில் வைத்திருப்பவர்போல.

"சில்லுனு இருக்கு. கையைக் கழுவிட்டுத் துடைக்காமலே வந்திருக்கீங்க."

"ஐயையோ," என்று அவர் கையை இழுக்கப் பார்த்தார்.

அவள் விடவில்லை.